கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

தெர்யோ அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் பூட்டியதே மகள் லூனிங் சவூதிக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். செவ்வாய்க்கிழமை காலை அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பல் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு போனில் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தாளானால் வீட்டோடு வேலை. இல்லையென்றால் அந்த வேலை வேறொருத்திக்கு. லூனிங்கின் பாஸ்போர்ட் ஏற்கெனவே மணிலாவில், வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டின் டிராயரில் கிடந்தது. ரியாத்தில் ஒரு வீட்டம்மா ஒரு மாதப் பாத்திரத்தையும் தொட்டியில் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவன் சொன்னான். லூனிங்கின் குழந்தையோ அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. அம்மா திரும்பி வரும்போது அது, ‘இந்தம்மா யாரு?’ என்று கேட்கும். அவர்கள் வாழ்ந்த பகோர் ஊரில் அப்படிக் கேட்ட குழந்தைகளை வரிசையாக நிறுத்தினால் வரிசை கடலுக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் போகும்.

கம்ப்யூட்டரோ எழுந்திருக்க மாட்டேன் என்றது.

பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி அரைச் சுற்று சுற்றும். கழுத்து அறுபட்ட கோழி காலை இழுப்பது மாதிரி ஒரு துடிப்பு. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினால் மறுபடி அதே துடிப்பு.

தெர்யோ சும்மா ஆள் இல்லை. சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நடுக்கடலில், கப்பல் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்க, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் சோற்றுத் தட்டுமாகப் பல்லாலேயே வயரைச் சீவி ஜெனரேட்டரைக் கிளப்பியதாகச் சொல்வார். முதல் தடவை சொன்னபோது அது சாதாரணக் காற்றாகத்தான் இருந்தது. சொல்லச் சொல்லப் புயலாக வளர்ந்துவிட்டது. இந்த வீட்டின் வயரிங்கும் அவர் போட்டதுதான். ஆகவே பழுது பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சுவருக்குள் ஓடுவது அவர் கை வேலை, அது பழுதாகாது.

சனிக்கிழமை காலையில் பெட்டியின் குடலை உருவிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். மதர்போர்டை ஒரு செருப்பு அட்டைப்பெட்டியின் மேல் படுக்க வைத்தார். ராம் துண்டுகளைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அவற்றின் தங்கப் பற்களைத் தேய்த்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டை ஒதுக்கி வைத்தார். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியைத் தோண்டி எடுத்து, அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துத் திரும்பப் பதித்தார். கடைசியில் பொத்தானையே நம்பாமல், ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டுக் கிளப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே கோழித் துடிப்புதான் பதில்.

“ஏன்யா தெர்யோ, ஃபேன்ல காத்தே வரல. இறக்கைய எண்ணிடலாம் போல சுத்துது” என்றாள் அவர் மனைவி ஹிலாரியா, குழந்தைக்கு விசிறிக்கொண்டே.

“நான் இங்க ஒரு உசுரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன். நீ ஃபேனுங்கிற.”

“காப்பாத்து, காப்பாத்து. நேத்தைக்கு ஒரே துண்டாவாச்சும் இருந்துச்சு. ஃபாதர் குடுத்த தீர்த்தம் இருக்கு, ரெண்டு சொட்டு தெளிக்கட்டா?”

“தண்ணியை இது பக்கம் கொண்டு வந்தே, உன்னையும் சேர்த்து ஏஜெண்டுகிட்ட அனுப்பிடுவேன்.”

“அனுப்பு. அங்கயாச்சும் காத்து வரும்.”

லூனிங் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் துணி ஒரு பக்கம், தன் துணி ஒரு பக்கம். தன்னுடையதை ஒரு பெரிய பைக்குள் அடுக்குவதைத் தெர்யோ பார்த்தார். பார்க்காத மாதிரி ராம் துண்டை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

மத்தியானம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பைக்கோடு பக்கவண்டி பூட்டிய ட்ரைசைக்கிளில் ஏறி, சாமான்கள் வாங்கிய கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் பிளக்கைச் செருகிப் பொத்தானைத் தொட்டாள். தொட்டாளோ இல்லையோ, விசிறிகள் பறந்தன, சிவப்பும் நீலமுமாக விளக்குகள் எரிந்தன, திரை குட் மார்னிங் சொல்லாத குறை.

“நல்லாத்தானே இருக்கு பெரியப்பா?”

வீட்டுக்குக் கொண்டுவந்தார். துடிப்பு. திரும்பக் கடை. ஜெகஜ்ஜோதி. திரும்ப வீடு. துடிப்பு. ட்ரைசைக்கிள்காரன், பெரியவர்களுக்குப் போடும் ‘மாங்’ போட்டு, “மாங் தெர்யோ, பொண்ணைப் புகுந்த வீட்டுல விடறீங்க, உடனே கூட்டிட்டு வந்துடறீங்க. என்ன சண்டை?” என்று கேட்டான். சாயங்காலம் அவர் மூன்றாம் முறையாக வந்து நின்றபோது கடைக்காரப் பெண் கல்லாவின் மேல் முழங்கையை ஊன்றி அவரையே பார்த்தாள்.

“இதுக்கு உங்க வீடு பிடிக்கல பெரியப்பா. மாமியார் கொடுமை ஏதாச்சும் இருக்கா?”

“விளையாடாதே. பவர் சப்ளை போயிருக்கும். வேற ஒண்ணு குடு.”

“குடுக்கறேன். ஆனா வீட்டுல கரண்டு ஒழுங்கா வருதா? வோல்ட் மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?”

தெர்யோ நிமிர்ந்தார். “அந்த வீட்டு வயரிங் நான் போட்டது.”

“அய்யோ, அப்ப சரி” என்றாள் அவள், ஆர்ச்பிஷப்பிடம் பேசிவிட்டவள் மாதிரி. கொடுத்துவிட்ட பவர் சப்ளையும் வீட்டுக்கு வந்து, அரைச் சுற்று சுற்றிவிட்டு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹிலாரியா கரண்டு குக்கரின் மூடியைத் திறந்தாள். உள்ளே அரிசி அரிசியாகவே இருந்தது.

“கோயிலுக்குக் கெளம்பறப்ப போட்டது! ஃபாதர் இன்னிக்கு நோவா கப்பல்லேர்ந்து ஆரம்பிச்சு உலக முடிவு வரைக்கும் போனாரு. அதுக்குள்ள ஒரு மூட்டை வெந்திருக்கணும்!”

தெர்யோ ஒரு வாய் எடுத்துக் கடித்தார். பல்லுக்கிடையில் நறுக்கென்றது. அடுத்த வாய்க்குக் கை போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முதல்முறையாக நிமிர்ந்து அதன் இறக்கைகளை எண்ணினார். எண்ண முடிந்தது. எழுந்து போய் வோல்ட் மீட்டரின் இரண்டு முள்களையும் சுவர் பிளக்கில் குத்தினார். இருநூற்று இருபதுக்கு மேல் காட்ட வேண்டியது, நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது.

அவர் போட்ட கூச்சலில் கோழிகள் கூண்டை விட்டுப் பறந்தன, எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போனது, குழந்தை அழுதது. “பெட்டி நல்லா இருக்கு! நல்லா இருக்கு! தெருவுலேர்ந்து வர்ற லைன்தான் சரியில்ல! சும்மா பல்பு எரியும், இதுக்குப் பத்தாது! லூனிங், நீ எங்கயும் போகல!”

மகள் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார். உடனே செய்தார். போனை எடுத்து மின்சாரக் கம்பெனியின் புகார் எண்ணை அழைத்து, பெயர், வீட்டு எண், சந்து எல்லாம் சொல்லி, ‘நாளை காலை ஆள் வரும்’ என்ற பதிலையும் வாங்கிவிட்டார்.

அந்தச் சந்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் ஒரு விஷயம் தெரியும். கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன்னால் கூரை ஏறிப் பார்த்துவிட வேண்டும். யாருடைய கொக்கி யார் வயரில் மாட்டியிருக்கிறது என்பது கடவுளுக்கும், ஒரு சில பூனைகளுக்கும்தான் தெரியும். இடியாப்பத் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் அந்தச் சந்தின் மேல்பாகம். தெர்யோவுக்கும் தெரியாததல்ல. சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

போனை வைத்த பிறகுதான் ஏணியைச் சாத்தித் தகரக் கூரை மேல் ஏறினார். பழுதை நேரில் பார்த்து ரசிக்க வேண்டும் என்றுதான் ஏறினார். கம்பத்திலிருந்து வரும் வயர் சுவரைத் தொடும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தார். யாரோ மொண்ணைக் கத்தியால் தோலைச் சீவும்போது உள்ளே இருந்த செம்பு இழைகளில் பாதிக்கு மேல் அறுத்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த சில இழைகளில்தான் அவர் வீடு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இன்னொரு வயர் தகரத்துக்கு அடியில் நுழைந்து, சாக்கடையைத் தாண்டி, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் இறங்கியது.

அபெங் வீடு.

உள்ளேயிருந்து புஸ்... டக், புஸ்... டக் என்று சத்தம் வந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். அபெங்கின் மனைவி சலோமே கல்யாணமான நாள் முதல் மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் வேலை செய்தவள். மீனுக்குப் போன புகையில் பாதி அவள் நெஞ்சுக்குள் போயிருந்தது. இப்போது அந்த மெஷினோடு மூக்கில் குழாய் கட்டித்தான் மூச்சு.

தெர்யோ கூரையிலிருந்து இறங்கி நேராக அவர்கள் சமையலறைக்குள் போனார்.

“பூனையா நீங்களான்னு கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன், மாங் தெர்யோ” என்றாள் சலோமே, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “பூனைன்னா... அழகா நடக்கும்.”

அபெங் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அபெங்கின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானத்தின்போது தகப்பன் ஸ்தானத்தில் நின்றவர் தெர்யோ. அன்று முதல் இருவரும் ஒருவருக்கொருவர் கும்பாரே.

“சொல்லணும்னுதான் இருந்தேன் கும்பாரே. நீ அந்தப் பெட்டிக்குள்ள தலைய விட்டுட்டே, வெளிய வரவே இல்ல.”

“எப்பலேர்ந்து?”

“பில்லு கட்டலன்னு கம்பெனிக்காரன் மீட்டரைக் கழட்டிட்டுப் போனான்ல, அன்னிக்கேதான். வேற யார் லைன்ல மாட்டறது? உன்னுதுன்னா நீ கோவிச்சுக்க மாட்டே.”

“கோவம் இல்லடா! இப்படியா சீவுவான் ஒருத்தன்? பாதி இழைய அறுத்துத் தொலைச்சிருக்க. எலக்ட்ரீஷியன் வீட்டு லைனு அது, வாழைத்தண்டா?”

“கத்தி மொண்ணை கும்பாரே.”

“உன் மண்டையும்தான்!” என்று கத்திவிட்டு, தெர்யோ ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கம்பெனிக்கு போன் போட்டுட்டேன். நாளைக்குக் காலைல வர்றாங்க.”

அபெங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீயா? நீயே கூப்பிட்டியா? இந்தச் சந்துல ஒருத்தன் கம்பெனிக்காரனைத் தானா வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டான்னு வெளிய சொல்லாதே. உசுரோட கொளுத்திடுவாங்க.”

சலோமேயும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நீலமாகி, குழாயைச் சரிசெய்து படுக்க வைத்தார்கள். மூச்சு திரும்பியதும் கையை ஆட்டினாள். “விடுங்க... உங்க பொண்ணு ஊரை விட்டுப் போகாம இருந்தா சரி.”

தெர்யோ புகாரை ரத்து செய்யப் பார்த்தார். ரத்து செய்ய ஒன்பதை அமுக்கு என்றது போன். அமுக்கினார். பாட்டு போட்டது. காதல் பாட்டு. அதை முழுசாகக் கேட்டார், இன்னொன்றும் கேட்டார், கடைசியில் போன் தானாகவே செத்தது.

ஆகவே இருவரும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கொக்கி வயரைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, தெர்யோ வீட்டுச் சமையலறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீள வயரை இழுத்து சலோமேயின் மெஷினுக்குக் கொடுத்தார்கள். இனி அது தெர்யோ வீட்டு மீட்டரில் ஓடுகிற நியாயமான கரண்டு. அறுந்த இழைகளை எலி கடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கம்பெனி ஆள் வயர் மாற்றும் நேரத்துக்கென்று, அவசரத்துக்காக மூலையில் வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துத் திறந்து பார்த்தார்கள். அதன் முள் பாதிக்குக் கீழே நின்றது. “அரைமணி நேரம் தாங்கும்” என்றார் அபெங். “லைன்காரனுக்கு அரைமணி போதாதா?”

போதும் என்றார் தெர்யோ. அவருக்குப் பத்து நிமிஷ வேலை அது.

திங்கட்கிழமை கம்பெனியின் ஏணி வண்டி சந்து முனையில் திரும்பியதுமே செய்தி வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. அடுத்த கணம் நீங்கள் அந்தச் சந்தைப் பார்த்திருக்க வேண்டும். துண்டோடு, சோப்பு நுரையோடு, ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிரைத்த முகத்தோடு ஆண்கள் எல்லோரும் கூரை மேல் இருந்தார்கள். தூண்டிலைச் சுருட்டுவது மாதிரி வயர்களைச் சுருட்டினார்கள். பன்றி வறுக்கும் கடைக்காரர் தன் கொக்கியைப் பிடுங்கிய வேகத்தில் பக்கத்து வீட்டுத் தகரத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஒரு கிழவர் தன் வயரைக் கழற்றிவிட்டு, பதற்றத்தில் திரும்ப மாட்டினார். வண்டி வந்து நின்றபோது சந்து முழுக்க நல்லவர்கள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் மட்டும் நுனி அறுந்த வயர்கள், காற்றே இல்லாத அந்தக் காலையில், ஆடிக்கொண்டிருந்தன.

லைன்மேன் இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தான். சிரிக்கவில்லை. மேலதிகாரிக்கு போன் பேசினான். பிறகு கம்பத்தில் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸை நீளக் கழியால் இழுத்தான். சந்து மொத்தமும் அணைந்தது.

தெர்யோ கம்பத்தடிக்கு ஓடினார். “தம்பி, ஒரு வீட்டு வயர்தான் பழுது! அதைக் கட்டிட்டுப் போயிடு. உள்ளே நோயாளி இருக்காங்க. மெஷின்லதான் மூச்சு.”

“எந்தச் சந்துக்குப் போனாலும் ஒரு நோயாளி இருக்காங்க, பெரியவரே” என்றான் அவன் மேலிருந்தபடி. “போன வாரம் ஒரு நோயாளி சமையக்கட்டுல நின்னு மீன் பொரிச்சுக்கிட்டு இருந்தாங்க.”

“வந்து பாருடா! கண்ணால வந்து பாரு!”

“ஒவ்வொரு வீடா பார்க்காம கரண்டை ஏத்தக் கூடாதுன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. அரைமணி நேரம். பொறுங்க.”

அபெங் வீட்டில் புஸ்... டக் நின்றுபோயிருந்தது. சிலிண்டரைத் திறந்திருந்தார்கள். தெர்யோ அதன் முள்ளைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். அரைமணி ஆயிற்று. லைன்மேன்கள் முதல் வீட்டு மீட்டரை இன்னும் விடவில்லை. அங்கே ஒரு அம்மாள் தன் ஏழு தலைமுறையின் நாணயத்தைப் பற்றி அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அபெங், “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றார்.

ட்ரைசைக்கிளால் சந்து முனை வரைதான் வர முடிந்தது. சந்தின் வாயை அடைத்துக்கொண்டு ஏணி வண்டி நின்றது. சாவி டிரைவரிடம்; டிரைவர் எங்கோ டீக்குப் போயிருந்தான். சலோமேயை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அபெங்கும் தெர்யோவும் தூக்கினார்கள். சிலிண்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு லூனிங் பின்னால் வந்தாள். வண்டிக்கும் சுவருக்கும் இடையில் நாற்காலி நுழையவில்லை. சாய்த்தார்கள், திருப்பினார்கள், கடைசியில் அவளை நாற்காலியிலிருந்து எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றித் தாண்ட வைத்தார்கள். காலையில் கூரை மேல் நின்ற ஆண்கள் எல்லோரும் ஓடி வந்து கை கொடுத்தார்கள். அவள் எடையே இல்லாமல் இருந்தாள்.

தெர்யோ ட்ரைசைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு போனார். பெரிய ரோட்டில் திரும்பும்போது அபெங் உள்ளேயிருந்து கையை நீட்டி ட்ரைசைக்கிள்காரனின் தோளைத் தட்டினார்.

“மெதுவாப் போப்பா. இனிமே அவசரமில்ல.”

பிற்பகலில் கரண்டு வந்தது. லைன்மேன்கள் தெர்யோ வீட்டு வயரைப் புதிதாக மாற்றிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை லூனிங் பொத்தானுக்கு நேராக விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். “நான் உக்காரட்டுமாப்பா?”

“உக்காரு” என்றார் தெர்யோ.

அமுக்கினாள். முதல் அமுக்கிலேயே விசிறிகள் பறந்தன. துடிப்பும் இல்லை, இழுப்பும் இல்லை. ஒரு வியாதியும் இல்லாத மெஷின். அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மழையையே பார்த்திராத ஊர்க்காரி மாதிரி பளிச்சென்று வெயிலடிக்கும் ஒரு குரலில் ஆஸ்திரேலியாக்காரர்களின் கடைவாய்ப் பற்களை நலம் விசாரித்தாள். அடுத்த வீட்டில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கருவிக்குள் போகாது. நல்ல சாமான், தெர்யோவே பார்த்து வாங்கியது. சவூதிக்கு வரவில்லை என்று ஏஜெண்டுக்குச் செய்தி போனது. ஹிலாரியா பெரிய பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அடுக்கும்போது அவள் வாய் ஒரு கேலிகூடச் சொல்லவில்லை. சந்தில் யாரும் தெர்யோவை எதுவும் கேட்கவில்லை. யார் போன் போட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் கடந்து போகும்போது பேச்சு நிற்கும். போன பிறகு தொடங்கும்.

சாயங்காலம் சலோமேயின் சவப்பெட்டி அபெங் வீட்டுக்கு வந்தது. அடக்கம் வரைக்கும் ஜனங்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், சீட்டாடுவார்கள். அத்தனை நாளும் பெட்டியைத் தனியாக விடக் கூடாது. பொழுது சாயும் நேரத்தில் அபெங் வெள்ளைச் சட்டையோடு தெர்யோ வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“கும்பாரே, எனக்குத்தான் மீட்டர் இல்லையே. பெட்டிகிட்ட நாலு பல்பு போடணும். ஜனங்க உக்கார்றதுக்கு ஒரு ஃபேன். உன்கிட்டேர்ந்து எடுத்துக்கட்டுமா?”

“இதைக் கேக்கணுமா? நானே வந்து மாட்டித் தர்றேன்.”

அபெங் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். லூனிங்கின் மேஜையில் சிவப்பும் நீலமுமாக எரிந்துகொண்டிருந்தது.

“இல்ல... நாலு பல்பு போட்டா பொண்ணோட மெஷின் நின்னுடாதே?”

“நிக்காது” என்றார் தெர்யோ. “இப்ப இருநூத்தி இருபத்தொம்பது வருது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கை கால் கழுவுவதற்கு முன்னாலேயே வோல்ட் மீட்டரை எடுத்துப் போய்ச் சுவர் பிளக்கில் குத்திப் பார்த்திருந்தார்.

அபெங் தலையை ஆட்டினார். “நல்லா வருது” என்று சொல்லிவிட்டு, வயர் கொண்டுவரப் போனார்.